நல்லதுக்குத்தானே செய்கிறோம்?

ஒருவரின் நன்மைக்காக அவரையே கட்டாயப்படுத்தலாமா? குதிரையை வைத்து யோசித்துப் பார்ப்போம்.

குதிரையின் குளம்பு நம்ம நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவாவிட்டால் நடையே கெட்டுப்போகும். ஆனால் பயந்த குதிரை காலைத் தொடவே விடாது. அது அடம் இல்லை. ஆபத்து வந்தால் ஓடிப் பிழைக்கும் பிராணி அது. ஒரு காலை நம் கையில் கொடுத்துவிட்டால் எப்படி ஓடும்?

மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடித்தால் அசையாமல் நிற்கும், வேலை சட்டென்று முடியும். இன்னொரு வழி, தோளிலிருந்து கையை மெல்ல இறக்கி, காலை ஒரு நொடி தூக்கி, அது உதறுவதற்குள் கீழே விட்டுவிடுவது. நாளைக்கு இரண்டு நொடி. கொடுத்த கால் திரும்பக் கிடைக்கும் என்று குதிரை கற்றுக்கொள்ளும். குதிரையைக் கோபத்தோடு அணுகக் கூடாது என்று கிரேக்கரான ஸெனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்.

எஞ்சினியரிங் கண்ணுக்கு இரண்டும் ஒரே ரிசல்ட்தான்: குதிரை நிற்கிறது. ஆனால் ஒன்று நம்பி நிற்கிறது. மற்றொன்று வழியில்லாமல் நிற்கிறது. அடுத்த தடவை கயிற்றைப் பார்த்ததுமே வித்தியாசம் தெரிந்துவிடும்.

காயத்திலிருந்து ரத்தம் கொட்டினால் பிடித்துத்தான் ஆகணும், சரி. குளம்பு சீவும் நாள் வாரக்கணக்கில் முன்பே தெரியுமே! அங்கே “நேரமில்லை” என்றால், நாம் ஒதுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

தம்பி தங்கச்சியிடம் “உன் நல்லதுக்குத்தான்” என்று அதட்டும் முன், இதையும் கேட்டுக்கொள்வோம்: அவசரம் அவர்களுக்கா, நமக்கா?