கூடு விட்டுக் கூடு

கைப்பேசி ஒன்றை விட்டு வேறொன்றைக் கைக்கொள்வதில் தத்துவ விசாரம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, கூலிமில் எனக்குப் பழக்கமான ஓர் இல்லத்தில் சென்ற தீபாவளியை ஒட்டி எழுந்த வழக்கைச் சொல்வேன். அம்மையார் பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். மகளோ, 1996-இல் திறக்கப்பெற்ற அவ்வூர் ஹைடெக் பூங்காவில் சில்லு செய்யும் ஆலையொன்றில் ஷிப்டு வேலை பார்ப்பவள். "இந்த ஆண்ட்ராய்ட தூக்கிப் போடுங்கம்மா, போனஸ்ல ஐபோன் வாங்கித் தரேன்" என்று அவள் ஆசையோடு சொல்ல, "அப்பா குரல் இதுலதாம்மா இருக்கு" என்றார் அவர். காலமான கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த குரற்செய்திகள் அவை; "கேட்டத் தெறந்து வை, வந்துட்டேன்" என்பதற்கு மேல் அவற்றில் விசேஷமாக ஒன்றுமில்லை.

சரீரம் போனாலும் ஆத்மா போவதில்லை என்று நாள்தோறும் ஓதுகிற நாம், கண்ணாடியும் உலோகமுமான ஒரு கூட்டைக் கழற்றிப் போடத் தயங்குவது ஏன்? பெரிய புராணம் சொல்லும் திருமூலர் சரிதம் இங்கே நினைவுக்கு வருகிறது. பொதிகை நோக்கி வந்த சிவயோகியார், திருவாவடுதுறையை அடுத்து, மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க அவனைச் சுற்றி நின்று கதறும் பசுக்களைக் கண்டு, அவற்றின் துயர் தீர்க்க அவனுடலிற் புகுந்தார். பசுக்களைச் சாத்தனூர் சேர்த்துவிட்டு மீண்டு வந்து பார்த்தபோது, காப்பாக வைத்துவிட்டுப் போன தம் உடலைக் காணவில்லை. யோகியாரைக் காட்டிலும், கணவன் உருவத்தைக் கண்டும் கணவனைக் காணாது நின்ற மூலன் மனைவிக்காகவே என் மனம் எப்போதும் இரங்கும். உருவம் இருந்தும் ஆள் இல்லாமை அவள் துயரம். ஆள் போய்க் குரல் மட்டும் எஞ்சியது கூலிம் அம்மையாரின் நிலை.

அந்தக் குரலைப் பாசம் என்று சொல்லி அறுத்தெறியச் சொல்லும் வைராக்கியம் எனக்கு உடன்பாடன்று. ஆனால், வெளியேறுவோர் தம் உடைமையை எடுத்துச் செல்லவொட்டாமல் வாசலைக் குறுக்கி வைப்பது வேறு விஷயம். வீடும் கடையும் பள்ளியும் கோயிலும் ஒரே துரையின் வேலிக்குள் இருந்த காலத்தில், தோட்டம் மாறுவதென்பது வேலையை மட்டும் மாற்றுவதாக இருந்ததில்லை என்பதை நம் பாட்டன்மார் அறிவார்கள். கைப்பேசியிலும் அதே கதைதான்: வாட்ஸ்அப் உரையாடல்களை ஐபோனிலிருந்து சாம்சங்குக்குக் கொண்டுபோக 2021-இலும், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குக் கொண்டுபோக 2022-இலுமே முறையான வழி பிறந்தது. அதுவரை பலர் விருப்பத்தினால் மட்டுமன்றி நிர்ப்பந்தத்தினாலும் இருந்த இடத்திலேயே இருந்தனர். தாய்மொழிக்கு மட்டும் இரு பக்கமும் இடமுண்டு: மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் இரண்டிலும் இயங்குகிறது, அஞ்சல், தமிழ் 99 விசைப்பலகைகளோ 2013 முதல் ஐபோனுக்குள்ளேயே இருக்கின்றன.

ஆகவே எதற்கு மாறுவது என்பதைவிட, யார் பொருட்டு மாறுவது என்பதே விசாரிக்கத் தக்கது. சிவயோகியார் பசுக்களின் பொருட்டுக் கூடு மாறினார். அலுவலகத்திலும் கல்யாணக் கூடத்திலும் ஆப்பிள் சின்னம் வெளியே தெரியும்படி போனைப் பிடித்துக்கொள்வதற்காக மாறுகிறவர் யார் பொருட்டு மாறுகிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சைவ சித்தாந்தத்தில் அந்த மலத்துக்குப் பெயர் ஆணவம். மகள் புதிய போன் வாங்கித் தருவதில் அன்பு இருக்கிறது, அம்மையார் அதை மறுக்க வேண்டியதில்லை. பழையதைத் தூக்கிப் போடச் சொல்வதில்தான் அவசரம் இருக்கிறது.

மாறத் துணிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய ஐபோனை முதன்முதலாக இயக்கி அமைக்கும்போதே பழைய உரையாடல்களை மாற்றிக்கொள்ளுங்கள். பின்னர் செய்யலாமென்று விட்டால், புதியதை முழுதும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க நேரும். குரற்செய்திகள் ஒவ்வொன்றையும் புதிய கருவியில் ஒலிக்கவிட்டுக் கேட்ட பிறகே பழையதை விற்பதைப் பற்றி யோசியுங்கள்.