கொஞ்சமா, கொஞ்சந்தானா?

மதுரை கே.கே. நகர்க்காரர்கள் காலை நடைக்கு வண்டியூர் கண்மாய்ப் பக்கம் போனால், தண்ணீரைப் பற்றிப் பேசாமல் திரும்ப மாட்டார்கள். "கண்மாயில கொஞ்சம் தண்ணி கெடக்கு" என்பார் ஒருவர். "கொஞ்சந்தான் கெடக்கு" என்பார் கூட நடப்பவர். தண்ணீர் ஒன்றுதான். பார்த்த மனசு ரெண்டு.

இதை ஆங்கிலம் ஒற்றை எழுத்தில் பிரிக்கிறது. 'எ லிட்டில்' என்றால் கொஞ்சம் இருக்கிறது, சமாளிக்கலாம். அந்த 'எ'யை எடுத்துவிட்டால், இருந்தும் இல்லாத கணக்கு. தண்ணீர், நேரம், பொறுமை என எண்ண முடியாதவற்றுக்கு இது. ஆட்கள், நாட்கள் என எண்ண முடிந்தவற்றுக்கு 'எ ஃபியூ', 'ஃபியூ'. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தில் உருப்போட்டு, பரீட்சை முடிந்த அன்றே மறக்கிற பாடம். (அந்த ரென்தான் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவர். இலக்கணப் புத்தகத்தில் அந்தச் சாகசத்தைத் தேடாதீர்கள்!)

நமக்கு ஒரு 'தான்' போதும். "விசேஷத்துக்கு நாலு பேர் வந்தாங்க" என்றால் முகம் மலர்ந்திருக்கிறது. "நாலு பேர்தான் வந்தாங்க" என்றால் பந்தியில் இலை மிஞ்சியிருக்கிறது.

அதற்காகத் 'தான்' மீது பழி போடாதீர்கள். வைகை அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அந்த நேரத்தில் "இன்னும் ரெண்டடிதான்" என்று உரக்கச் சொல்லியே ஆகவேண்டும். கோடையில் அணை வற்றும்போது "கொஞ்சம் இருக்கு" என்று சமாதானம் சொல்வதும் பொறுப்பாகாது.

ஆனால் மகள் கணக்கில் 60 வாங்கிவந்து நிற்கிறாள். "அறுபதுதானா?" என்கிறீர்கள். இந்தத் 'தான்' எந்த ஊரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறது?

அதே இலக்கணப் புத்தகத்தில் மூன்றாவதாக 'தி லிட்டில்' என்று ஒன்று உண்டு. இருப்பது கொஞ்சம், அந்தக் கொஞ்சம் முழுவதும் என்று பொருள். அதில் குறையும் இல்லை, ஆறுதலும் இல்லை. கேட்க ஆசையா? ராத்திரி எட்டரைக்குச் சொல்லாமல் ஒரு விருந்தாளி வரட்டும். அடுப்படியிலிருந்து குரல் வரும்: "இருக்கிற மாவுல ஊத்திருவோம், உக்காரச் சொல்லுங்க."