இஸ்திகாராவும் முடிவின் பொறுப்பும்

தொழில், பயணம், திருமணம் போன்றவற்றில் முடிவெடுக்குமுன் இரண்டு ரக்அத் உபரித் தொழுகை தொழுது, நன்மையானதைத் தெரிந்தளிக்குமாறு இறைவனிடம் வேண்டுவது இஸ்லாமிய மரபில் ‘இஸ்திகாரா’ எனப்படும். நன்மை எனப் பொருள்படும் ‘கைர்’ என்னும் அரபுச் சொல்லின் வேரினின்று பிறந்தது இச்சொல். தெரிவை இறைவனிடம் ஒப்படைத்தவருக்கு அதன் விளைவில் பொறுப்பு உண்டா என்னும் அறவியல் வினா இவ்வழக்கத்தினுள் பொதிந்துள்ளது.

வேண்டுதலின் சொல்லமைப்பே இவ்வினாவிற்கு ஓரளவு விடை தருகிறது. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் அறிவிக்கும் அந்நபிமொழி புகாரியின் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்பிப்பதுபோல் நபிகள் நாயகம் இதனைக் கற்பித்தார் என்கிறார் அவர். குறித்த செயல் நன்மையாயின் அதனை எளிதாக்கவும், தீமையாயின் அதனைத் தம்மிடமிருந்தும் தம்மை அதனிடமிருந்தும் திருப்பிவிடவும் வேண்டுபவர் இறைஞ்சுகிறார். செயல் விலகியும் அதன்மீதான ஆசை நெஞ்சில் தங்குமாயின் மனிதர் விலகியவர் ஆகார். எனவே வேண்டப்படுவது வருங்காலச் செய்தியைவிட மனத்தின் இசைவே எனலாம்.

இஸ்லாத்திற்கு முற்பட்ட அரேபியர் அம்புகளைச் சீட்டுப்போல் எடுத்துக் குறிபார்த்தனர். குர்ஆன் (5:3) அதனைத் தடைசெய்தது. இஸ்திகாராவிற்குப்பின் கனவில் விடை தோன்றும் என்னும் பரவலான நம்பிக்கைக்கு மேற்கண்ட நபிமொழியில் சான்றில்லை. பிறரைத் தமக்காகக் கனவு காணச் செய்வதோ குறிகேட்டலுக்கே மிக அணுக்கமானது.

தொழுதபின் செய்வது யாது? உள்ளம் மலரும் பக்கம் செல்க என்றார் 13ஆம் நூற்றாண்டு அறிஞர் நவவி. அவர் காலத்தவரான இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாமோ, எது வாய்க்கிறதோ அதனைச் செய்யலாம் என்றார். பின்னவர் கருத்தே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. உள்ள மலர்ச்சி, முன்னரே குடிகொண்ட விருப்பத்தின் எதிரொலியாகவும் இருக்கக்கூடும் அன்றோ?

சில குடும்பங்களில் மகளின் திருமணத்திற்குப் பெற்றோரே இஸ்திகாரா செய்து முடிவை அறிவிக்கின்றனர். தொழுதவர் ஒருவர், அம்முடிவோடு வாழ வேண்டியவர் வேறொருவர். இங்கு ஸைனப் பின்த் ஜஹ்ஷின் நிகழ்ச்சி கருதத்தக்கது. நபிகளாரின் மணச்செய்தியை ஸைத் கொண்டுவந்தபோதும், தம் இறைவனிடம் கலந்து கேளாமல் எதுவும் செய்வதற்கில்லை எனக் கூறி, அவர் தம் தொழுமிடத்திற்குச் சென்றார் என்று முஸ்லிமின் தொகுப்பு குறிப்பிடுகிறது. நபியின் விருப்பமே ஆயினும் உடனே இசைவளிக்காத ஸைனப், தாமே எழுந்து தொழுதார். தமக்காகத் தொழுமாறு வேறெவரையும் ஏவவில்லை.