காத்திருக்க வைத்தவர் பங்கு

பொம்மையார்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் நோக்கிப் போனால், உப்பளங்கள் தொடங்குமுன்பே கீழ்ப்புத்துப்பட்டு வந்துவிடும். இலங்கைத் தமிழர் முகாம் இருக்கும் ஊர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிவிட்டாலும், 2021 கணக்குப்படி ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுச் சொச்சம் முகாம்களில் இருந்தார்கள். முகாம்களில் காணும் மனச்சோர்வு, குடி, தூக்கமின்மை பற்றிப் பேச்செழும்போதெல்லாம் காரணம் கடலுக்கு அப்பால் தேடப்படுகிறது: ஷெல்லடி, காணாமல்போன பிள்ளைகள், முள்ளிவாய்க்கால். அது பொய்யல்ல. ஆனால் அடைக்கலம் தந்தவருக்கு மிகவும் வசதியான பாதி உண்மை. காயத்தை உண்டாக்கியவர் வேறு யாரோ என்றால், கவுன்சலிங் முகாம் நடத்திவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளலாம் அல்லவா?

ஆய்வுகள் அவ்வளவு எளிதாக விடுவிப்பதில்லை. போர்ட்டர், ஹாஸ்லம் என்ற இருவர் 2005-ல் பல நாட்டு அகதிகள் பற்றிய ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நிலையான வீடில்லாமல் முகாம் போன்ற இடங்களில் தங்கியவர்களும், சம்பாதிக்கும் வழி அடைபட்டவர்களும் மற்றவர்களைவிட மனநலம் குன்றியிருந்தார்கள். இன்னொன்று கூடுதலாக உறுத்துகிறது: முன்பு படிப்பும் அந்தஸ்தும் உள்ளவர்களாக இருந்தவர்களே அதிகம் நொறுங்கினார்கள். அடி விழுந்ததோடு, விழுந்தவர் எழ இடமில்லாமல் போனதும் நோயாகிறது. பத்துக்குப் பத்து அறை, ஆள் இருக்கிறாரா என்று அதிகாரி வந்து சரிபார்க்கும் கணக்கெடுப்பு, பட்டம் வாங்கியும் பெயின்ட் அடிக்கப் போகும் இளைஞர் என முகாம் வாழ்வில் இவையெல்லாம் பழகிப்போனவை. அந்த இளைஞர் ஷெல்லடியைக் கேட்டதே இல்லை, இங்கேயே பிறந்தவர். 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவராகவும், பெற்றோர் இருவரும் ஏதிலிகளாகவும் இருந்தால், பிறப்பால் அவருக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. அவருடைய உளைச்சலுக்கு எந்தப் போரைக் காரணம் காட்டுவது?

இவ்வளவு செய்தும் குறையா என்று கேட்பவர்கள் உண்டு. செய்தது உண்மைதான். 2021-ல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாயில் புது வீடு, கூடுதல் பணக்கொடை, கல்வி உதவி அறிவித்தது. அகதி முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாற்பதாண்டு விருந்தாளியாகவே இருப்பவருக்கோ கொடையே தன்மானத்தை அரிக்கும். எல்லோரையும் ஏற்க இந்தியா சத்திரம் அல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வாய்மொழியாகச் சொன்னது. புதிதாக வருபவரைப் பற்றி அப்படி வாதிடலாம். இங்கேயே தலைமுறை கண்டவருக்கு அது பொருந்தாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாட்டுச் சிறுபான்மையினருக்குத் திறந்த கதவை இவர்களுக்குத் திறக்கவில்லை என்பதால், இடப்பற்றாக்குறை என்ற வாதமும் நொண்டுகிறது. இந்தியக் குடியுரிமை தந்தால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை குறையும் என்பது இன்னும் கனமான மறுப்பு. அதில் அரசியல் நியாயம் உண்டு. ஆயினும் ஓர் இனத்தின் எதிர்காலக் கணக்குக்காக, பத்துக்குப் பத்து அறையில் ஒருவரை அவர் சம்மதம் கேளாமல் காக்க வைப்பது அடகு வைப்பதற்குச் சமம். திரும்புவதா, தங்குவதா என்று அவரே தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். இப்போது தங்கும் கதவு சட்டத்தால் பூட்டிக் கிடக்கிறது. சாவி கொழும்பில் இல்லை, டெல்லியில் இருக்கிறது.