நாணயத்தின் தரமும் கண்ணின் தீர்ப்பும்

பழைய அமெரிக்க நாணயங்களின் தரத்தை 1 முதல் 70 வரையிலான ஓர் எண்ணால் குறிப்பது வழக்கம். முகமே தெரியாத அளவுக்குத் தேய்ந்த காசு 1. உருப்பெருக்கியில் பார்த்தாலும் குறை காணமுடியாதது 70. புழக்கத்துக்கே போகாத நாணயங்களுக்கு 60 முதல் 70 வரையிலான படிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. எண்ணாக இருப்பதால் தரம் ஓர் அளவையைப் போலத் தோன்றுகிறது. ஆனால் எடையைச் சொல்லத் தராசு இருக்கிறது; தரத்தைச் சொல்லக் கண்ணைத் தவிர வேறு கருவி இல்லை. அந்தக் கண் சொல்வது நாணயத்தைப் பற்றிய உண்மையா, பார்ப்பவரின் விருப்பமா என்று கேட்டால், அழகியலின் மிகப் பழைய கேள்விக்கு வந்துசேர்கிறோம்.

இந்த எண்வரிசை விலைக்கணக்கிலிருந்து பிறந்தது. வில்லியம் ஷெல்டன் 1949-இல் வெளியிட்ட ‘ஏர்லி அமெரிக்கன் சென்ட்ஸ்’ நூலில் பழைய செப்புச் சென்ட் காசுகளுக்காக அதை வகுத்தார். தரம் 1 உள்ள காசைப்போல 70 மடங்கு விலை பெறுவது தரம் 70 என்பது அவர் கணக்கு. சந்தை அந்தக் கணக்கைக் கைவிட்டது; எண் நிலைத்தது. தரமிடும் நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். 1986-இலும் என்.ஜி.சி. 1987-இலும் நாணயத்தைத் தரமிட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரத் தொடங்கின. அதன்பின் ஒரு கண்ணின் தீர்ப்பு உறைமீது அச்சேறி விலையையும் ஆளலாயிற்று.

1878 முதல் 1904 வரையும், மறுபடி 1921-இலும் அடிக்கப்பட்ட மார்கன் வெள்ளி டாலரில் இந்தத் தீர்ப்பு உருவாகும் விதத்தைத் தெளிவாகக் காணலாம். அச்சு எவ்வளவு அழுத்தமாகப் பதிந்தது, பரப்பில் எத்தனை தழும்புகள், ஒளிர்வு எப்படி, மொத்தத்தில் கண்ணைக் கவர்கிறதா என நான்கு பார்க்கப்படும். முதல் மூன்றும் உண்மைகள், நான்காவது மட்டும் ரசனை என்று பிரித்துவிடத் தோன்றும். அந்தப் பிரிவினை நிற்காது. இந்த டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டிப் போடப்பட்டு ஒன்றோடொன்று உரசியவை, தழும்பில்லாதது அரிது. ஒரே அளவுள்ள தழும்பு நாணயத்திலுள்ள சுதந்திர தேவியின் வழவழப்பான கன்னத்தில் விழுந்தால் தரம் இறங்கும். கூந்தல் சுருள்களுக்குள் விழுந்தால் அவ்வளவாகப் பாதிக்காது. உலோகத்துக்கு இரண்டும் ஒரே சேதம்தான். கண் முதலில் கன்னத்துக்குப் போகிறது என்பதே வேறுபாடு. ஆக, தழும்பை எண்ணும்போதே அழகு எண்ணப்படுகிறது.

அப்படியானால் தரம் வெறும் விருப்பமா? அதுவும் இல்லை. தத்துவஞானி டேவிட் ஹியூம் 1757-இல் எழுதிய ரசனை பற்றிய கட்டுரையில், ‘டான் குவிக்சாட்’டிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவரில் ஒருவர் தோல் வாடை என்றார், மற்றவர் இரும்பு வாடை என்றார். ஊர் சிரித்தது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய சாவி கிடந்தது. பழகிய கண் இப்படித்தான். அமிலக் கரைசலில் அளவுக்கு மீறி முக்கியெடுத்த டாலர் புதியவருக்குப் பளபளப்பாகத் தெரியும்; ஆயிரக்கணக்கில் பார்த்தவர் அதை ‘செத்த ஒளி’ என்று ஒதுக்குவார். அச்சடிக்கையில் உலோகம் பாய்ந்த நுண்வரிகளே ஒளியைச் சுழலச் செய்கின்றன. கரைசல் அவற்றை அரித்திருக்கும். அவரது வெறுப்புக்குப் பொருளில் காரணம் இருக்கிறது.

ஹியூமின் விடை ஓரிடத்தில் போதாமல் போகிறது. வெள்ளிமீது கந்தகம் பட்டு உருவாகும் மெல்லிய படலம், அதன் தடிப்புக்கேற்பப் பொன், செந்நீலம், நீலம் என நிறம் காட்டும். பல ஆண்டுகள் பையிலோ காகித உறையிலோ கிடந்து தானாக வந்த நிறத்துக்குச் சிலர் பல மடங்கு விலை தருகிறார்கள். வேதிப்பொருளால் வேண்டுமென்றே ஏற்றிய நிறத்தைத் தரமிடும் நிறுவனங்கள் ஒதுக்குகின்றன. இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தால் எதை வைத்துப் பிரிப்பது? கண்ணுக்குத் தெரிவது மட்டுமே அழகென்றால், பிரிக்கக் காரணமே இல்லை. தத்துவஞானி நெல்சன் குட்மன் 1968-இல் போலி ஓவியங்களைப் பற்றி இதே சிக்கலை ஆராய்ந்தார்: இன்று வேறுபாடு தெரியாவிட்டாலும், ஒன்று போலி என்ற அறிவே இனிமேல் எதைத் தேடிப் பார்க்கவேண்டும் என்பதை மாற்றிவிடுகிறது. நாணயத்திலும் அதுவே நடக்கிறது. நிறங்கள் படிப்படியாக மாறும் வரிசை, எழுத்துகளின் ஓரத்தில் அவை நடந்துகொள்ளும் விதம் எனக் கண் பயில்கிறது. வரலாற்றை அறிந்த கண் வேறு பொருளையே பார்க்கிறது.

ஆனாலும் ஒரு நிறம் எப்படி வந்தது என்பதைப் பரப்பைப் பார்த்து எப்போதும் முடிவுசெய்ய இயலாது. இந்த இடத்தில் தரமிடும் தொழில் நேர்மையாகவே நடந்துகொள்கிறது: ‘இயற்கையானதா’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘சந்தை ஏற்கத்தக்கதா’ என்று கேட்கிறது. அதாவது, தேர்ந்த கண்கள் பலவும் ஒப்புக்கொள்ளுமா என்று. அழகென்று சொல்பவர் எல்லோருடைய உடன்பாட்டையும் கோருகிறார், ஆனால் அதை நிறுவ அவரிடம் விதி ஏதும் இல்லை என்று 1790-இல் தத்துவஞானி கான்ட் எழுதினார். ஒரே நாணயம் உறை உடைக்கப்பட்டு மறுபடி அனுப்பப்படும்போது 64 என்றிருந்தது சில வேளை 65 ஆகத் திரும்புவது அதனால்தான்.