யாருக்காக இந்தச் சாப்பாடு?

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்கென்று தனிச் சமையலே இருக்கிறது. சுறா வறை, உள்ளியும் மிளகும் தூக்கலாக அரைத்த பத்தியக்கறி, முருங்கையிலை என்று வீட்டில் வேறு யாருக்கும் கிடைக்காதது அவளுக்கு வரும். அதே வீட்டில் இன்னொருத்திக்குக் கருப்பையிலோ சூலகத்திலோ புற்றுநோய் கண்டு, வயிற்றைத் திறந்து உறுப்பை எடுக்க வேண்டி வந்தால் நடப்பது வேறு. இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, முட்டை சூடு, தயிர் குளிர் என்று கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது கஞ்சி. இரண்டு பேரும் இரத்தம் இழக்கிறவர்கள், உடம்பு நொந்து ஆற வேண்டியவர்கள். ஆனால் முதலாமவள் தின்பது பாலாகிப் பிள்ளைக்குப் போகும், மற்றவள் தின்பது அவளோடு முடிந்துவிடும். அரசாங்கமும் இதே கணக்கில்தான் யோசித்திருக்கிறது. 1973இல் தொடங்கிய திரிபோஷ சத்துமா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் போகிறது. கருப்பையை இழந்தவள் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு பெண்ணுக்குத் தன் உடம்பின் பொருட்டே சாப்பிட உரிமை உண்டா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. அதை வைத்தியசாலைக்குள் தள்ளிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பத்தியமும் விரதமும் நேர்த்தியும் கலந்த நம் அடுப்படியில் அது சமயக் கேள்வியும்தான்.

முதலில் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சூலகப் புற்றுநோயில் பல பெண்களுக்கு வயிற்றுக்குள் நீர் கட்டுகிறது. அந்த நீரோடு புரதமும் இறங்கிவிடுகிறது. குடலை நீர் அழுத்துவதால் நாலு வாய் தின்பதற்குள் வயிறு நிறைந்துபோன உணர்வு வரும். கருப்பை உட்சுவரில் வரும் புற்றுநோயோ பருத்த உடம்பில் அடிக்கடி காணப்படுவது. பார்ப்பவர் கண்ணுக்கு அவள் நன்றாகச் சாப்பிடுகிறவள், ஆனால் கொழுப்புக்கு அடியில் தசை கரைந்திருக்கக்கூடும். போசாக்குக்கான ஐரோப்பிய மருத்துவச் சங்கம், புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோகலோரியும், 1 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும் என்கிறது. 50 கிலோ எடையுள்ளவளுக்கு ஆகக் குறைந்தது 50 கிராம் புரதம். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. வெறும் அரிசிக் கஞ்சியில் கோப்பைக்கு இரண்டு மூன்று கிராம் கிடைத்தாலே பெரிது. கஞ்சியால் மட்டும் 50ஐ எட்ட ஏறக்குறைய இருபது கோப்பை குடிக்க வேண்டும். கடுமையாக மெலிந்தவருக்கு, சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்தாவது 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுக்கச் சொல்கிறது அதே சங்கம்.

மருத்துவமும் ஒரு விரதத்தை நெடுங்காலம் கண்ணை மூடிக்கொண்டு காத்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. 1946இல் கேர்டிஸ் மெண்டல்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 44,016 மகப்பேறுகளை ஆராய்ந்தார். மயக்கத்தில் இருந்தபோது 66 பெண்களின் இரைப்பையில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது, இருவர் மூச்சடைத்து இறந்தார்கள். காரணமுள்ள பயம்தான். ஆனால் அந்தப் பயமே, இரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்ற கட்டளையாக இறுகியது. வெட்டி முடிந்த பிறகும் காற்றுப் பிரியும் வரை பட்டினி போட்டார்கள். இன்றைய வழிகாட்டல்களின்படி, இரைப்பை மெதுவாகக் காலியாகும் நோயோ குடல் அடைப்போ இல்லாதவர் மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்வரை இலேசான உணவும், இரண்டு மணி நேரம் முன்வரை தெளிந்த நீராகாரமும் எடுக்கலாம். பால் விடாத பிளேன்ரீயும் அதில் சேரும். பெண்நோய் வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் உணவு கொடுத்த ஐந்து ஆய்வுகளை, 631 பெண்களை, 2014இல் கொக்ரேன் அமைப்பு சேர்த்துப் பார்த்தது. அவர்களில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். முன்கூட்டிச் சாப்பிட்டதால் குடல் கெட்டுப்போகவில்லை, மாறாக விரைவில் வீடு திரும்பினார்கள். தன் விரதத்திடம் மருத்துவமே காரணம் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறது. நாம் நம் விரதங்களிடம் கேட்பதில் துரோகம் ஒன்றுமில்லை.

இதற்குப் பக்தியுள்ளவர் சொல்லும் மறுப்பு பலமானது. கந்தசஷ்டி ஆறு நாளும் கேதாரகௌரி இருபத்தொரு நாளும் பல வருடம் விடாமல் பிடித்தவளுக்கு, மனந்தளரும் நேரத்தில் அதுதானே கைத்தடி? பிடுங்கலாமா? மனவலிமையும் மருந்துதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேர்த்தி எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். தாய் பிள்ளைக்காக வைப்பாள், மனைவி கணவனுக்காகப் பிடிப்பாள். ஒருவருக்காக இன்னொருவர் நோற்கலாம் என்பதில்தான் அந்த வழக்கமே நிற்கிறது. அப்படியானால் இந்த வருடம் அவளுக்காக மகன் பிடிக்கட்டும், மண்டூர் முருகன் கோயிலுக்கோ சித்தாண்டி முருகன் கோயிலுக்கோ கணவன் வெறும் வயிற்றோடு போய் வரட்டும். முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இந்தச் சிக்கல் இன்னும் குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் நோயாளிக்கு நோன்பில் விலக்களித்து, பிறகு நோற்கவும் இயலாதவர் ஏழைக்கு உணவளித்து ஈடுசெய்யவும் குர்ஆனே வழி விட்டிருக்கிறது. சைவத்தில் அப்படி ஒற்றை வரியில் எழுதிவைத்த விலக்கு இல்லாததால் முடிவு வீட்டுக்குள்ளே எடுக்கப்படுகிறது, அதுவும் பெரும்பாலும் நோயாளியைக் கேளாமலே. உடம்பு தேய்ந்தபின் ஞானம் கைகூடாது என்று வாதிட்ட திருமூலரையாவது அப்போது நினைத்துக்கொள்ளலாம்.

உணவை மறுப்பதே உயர்ந்த துறவு அல்லவா என்று இன்னும் ஆழமாகக் கேட்பவர் இருக்கலாம். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைத் தமிழ் மரபு போற்றியது. சமணர் உண்ணாதிருந்து உயிர்விடும் சல்லேகனையைத் தற்கொலை என்று 2015இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சொன்னபோது, அதே மாதத்தில் இந்திய உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஆனால் அவை வாழ்வை முடித்துக்கொள்ளத் தாமே எடுத்த முடிவுகள். நம் பெண் பிழைப்பதற்காகக் கத்திக்குக் கீழே படுக்கிறாள். பிழைக்க வந்தவளுக்கு இறக்கத் துணிந்தவனின் அறத்தைப் பரிமாறுவது பிழை. நோய் முற்றி, உடம்பே உணவை ஏற்காத கடைசி நாட்கள் வேறு, அங்கே வற்புறுத்தி ஊட்டுவதும் கொடுமைதான்.

பத்தியத்தை நான் பழிக்கவில்லை. பிள்ளைப்பேற்றுப் பத்தியத்தில் விலக்கும் பட்டியலோடு சேர்க்கும் பட்டியலும் இருந்தது, புற்றுநோய் கண்டவளின் பத்தியத்தில் இரண்டாவது பட்டியல் காணாமற் போய்விட்டது. இறால் வேண்டாமென்றால் அதே நிறைக்கு மடவை வரவேண்டும். நன்றாகத் தின்றால் கட்டி வளரும் என்ற அச்சமும் உண்டு. பட்டினி போட்டாலும் கட்டி தன் பங்கைத் தசையை உருக்கி எடுத்துக்கொள்ளும், மெலிவது அவள்தான். காசில்லாதவர் என்ன செய்வார் என்பதே கடினமான மறுப்பு. 2022இல் இலங்கையில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியபோது முட்டைகூடக் கைக்கு எட்டவில்லை. வாவியில் பிடிக்கும் நல்ல இறால் ஐஸ்பெட்டியில் ஏறுகிறது, வலைக் கடன் இருக்கும்போது அதை வீட்டில் வை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மிஞ்சும் சில்லறை மீன் யாருடைய கோப்பைக்குப் போகிறது என்பது காசுக் கேள்வி இல்லை. உழைக்கிற ஆணுக்கும் படிக்கிற பிள்ளைக்கும் போன பிறகு சட்டியை வழித்துத் தின்பவள் அவள். பார்க்க வருகிறவர்கள் அப்பிளும் திராட்சையும் கொண்டுவருவதை விட்டு அவித்த முட்டை கொண்டுவரலாம். கிளினிக்கில் சத்திரசிகிச்சைத் திகதி கொடுக்கும்போதே எடையையும், கடந்த ஆறு மாதத்தில் குறைந்த எடையையும் எழுதிவைத்து, கூட வந்த மகனிடம் மீனுக்கும் முட்டைக்கும் கணக்குச் சொல்லி அனுப்பலாம். திரிபோஷப் பட்டியலில் இன்னொரு வரி சேர்ப்பது அமைச்சின் வேலை.