சீட்டுக்கு அடியில் ஒரு கேள்வி

வண்டியின் சீட் சுடுகிறது என்றால் நமக்கு அது புகார். மே மாத வெயிலில் நிறுத்திவிட்டு வந்த ஸ்கூட்டரில் அவசரமாக உட்கார்ந்து, அதைவிட அவசரமாக எழுந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் சிரிப்பீர்கள். இருக்கிறார்கள். அமெரிக்காவின் வட மாநிலங்களில் போய்ப் பாருங்கள்.

மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் ஜனவரி ராத்திரிகளின் சராசரியே மைனஸ் 13 டிகிரி செல்சியஸ் பக்கம். 2019 ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் மைனஸ் 33 வரை இறங்கியது. வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸர் பெட்டியே மைனஸ் 18-தான். அன்றைக்கு அந்த ஊர்க்காரர் ஃப்ரீஸருக்குள் போய் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் கதகதப்பாக இருந்திருக்கும்!

அந்த ஊரில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தச்சு வேலை செய்பவர். ஐம்பது வயது. இடுப்பு வலி. அவரிடம் இருபத்தைந்து வருஷப் பழைய பிக்கப் டிரக் ஒன்று இருக்கிறது. முன்னால் உட்கார ஒரு கேபின், பின்னால் பலகையும் சாமானும் ஏற்றத் திறந்த தொட்டி. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. கடன் பாக்கி எதுவும் இல்லை. ஒரே குறை, காலை ஐந்தரை மணிக்கு ஏறி உட்கார்ந்தால் சீட் ஐஸ் பாளம் மாதிரி இருக்கிறது.

'வண்டியில் ஹீட்டர் இல்லையா?' என்பீர்கள். இருக்கிறது. ஆனால், எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர் முதலில் சூடாக வேண்டும். அந்தச் சூட்டைத்தான் விசிறி கேபினுக்குள் ஊதும். கடுங்குளிரில் இதற்குப் பத்து நிமிஷமோ, அதற்கு மேலோ ஆகும். சீட்டுக்குள்ளேயே மின்சார ஹீட்டர் இருந்தால் ஓரிரு நிமிஷத்தில் இடுப்புக்குச் சூடு வந்துவிடும்.

அவருக்கு மூன்று வழி. ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது. இரண்டு, ஹீட்டர் சீட் உள்ள புது வண்டி வாங்குவது. மூன்று, கடையில் 'கிட்' வாங்கிப் பழைய சீட்டுக்குள் தானே பொருத்துவது.

சரி, இதுல என்ன பெரிய தத்துவம் இருக்குனு கேட்கிறீங்களா? இருக்கிறது. ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

முதல் வழிக்கு எப்போதும் ஆதரவாளர்கள் அதிகம். 'எங்க காலத்துல இதெல்லாம் ஏது?' என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் காலத்திலும் இருந்தது. 1966 மாடல் காடிலாக் கார்களில், கூடுதல் பணம் கொடுத்தால் சூடாகும் சீட் கிடைத்தது. பணக்காரர்களின் சொகுசு. ஆனால், ஸ்வீடனின் ஸாப் நிறுவனம் 1972 மாடல் கார்களில் டிரைவர் சீட்டுக்கு அதைச் சேர்த்தே கொடுத்துவிட்டது. அமெரிக்கப் பணக்காரரின் சொகுசு, ஸ்வீடன்காரருக்கு அத்தியாவசியம். ஆக, எது சொகுசு, எது தேவை என்பதைப் பொருளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. உட்காருகிறவரின் இடுப்பைக் கேட்க வேண்டும்.

கஷ்டப்படுவதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை. விறைத்த இடுப்போடு வேலைக்குப் போகிற தச்சர், அன்றைக்குக் கூட வேலை செய்யும் பையன் மேல் எரிந்து விழுவார். அவ்வளவுதான். எனவே, முதல் வழியை விட்டுவிடலாம்.

இரண்டாவது வழியில்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. 2022-ல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தென்கொரியா, பிரிட்டன் போன்ற சில நாடுகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. சீட் ஹீட்டர் காரிலேயே இருக்கும். கம்பி, ஸ்விட்ச், எல்லாமே தொழிற்சாலையில் பொருத்தியாகிவிட்டது. ஆனால், அது சுட வேண்டுமானால் மாதச் சந்தா. தென்கொரியாவில் அது சுமார் 18 டாலர். ஒரே தடவையில் மொத்தமாகக் கட்டிவிடும் வசதியும் உண்டு. கட்டவில்லையா? ஹீட்டர் உங்களுக்கு அடியிலேயே இருக்கும். நீங்கள் அதன் மேலேயே உட்கார்ந்து நடுங்கலாம்.

உலகமே கேலி செய்தது. நிறுவனத்திடமும் நியாயம் இல்லாமல் இல்லை. 'குளிர்காலத்துக்கு மட்டும் காசு கட்டினால் போதுமே? செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கூட பிறகு சேர்த்துக்கொள்ளலாமே?' என்பது அவர்கள் பக்கம். ஒரே பொருளுக்கு இரண்டு தடவை காசு கொடுப்பதாக வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். 2023 செப்டம்பரில், சீட் ஹீட்டருக்கு இனி இப்படி வசூலிப்பதில்லை என்று நிறுவனம் பின்வாங்கியது.

எனக்கு இதில் பணம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. 18 டாலர் அந்த ஊரில் ஒருவேளைச் சாப்பாடு. உறுத்துவது வேறு. காருக்கு முழு விலை கொடுத்தாயிற்று. பதிவுப் புத்தகத்தில் என் பெயர். வீட்டு வாசலில் நிற்கிறது. ஆனால், அதில் ஒரு கதவை எங்கோ இருக்கும் இன்னொருவர் பூட்டி வைத்திருக்கிறார். அப்படியானால், நான் சொந்தக்காரனா, வாடகைக்கு இருப்பவனா?

கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது வழிக்கு வாருங்கள். நம்ம தச்சர் ஒரு சனிக்கிழமை காலை சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டை வெளியே தூக்கி வைக்கிறார். உறையைப் பஞ்சு மெத்தையோடு சேர்த்துப் பிடித்திருக்கும் சின்னச் சின்ன இரும்பு வளையங்களைக் கட்டிங் பிளையரால் வெட்டுகிறார். முதுகுக்கு ஒன்று, உட்காரும் இடத்துக்கு ஒன்று என இரண்டு மெல்லிய கார்பன் இழை விரிப்புகளை மெத்தை மேல் ஒட்டுகிறார். மடிப்பு விழக்கூடாது. மடிந்த இடத்தில் சூடு கூடிப்போகும். பிறகு உறையை மாட்டிப் புது வளையங்கள் போடுகிறார்.

இனி வயரிங். பேட்டரி 12 வோல்ட். ஒரு சீட்டுக்குச் சுமார் 50 வாட், அதாவது நான்கு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருகிற இணைப்பில்தான் இதைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், ஸ்விட்சை அணைக்க மறந்த ஒரே ராத்திரியில் பேட்டரி படுத்துவிடும். சீட் முன்னும் பின்னும் நகரும் என்பதால் வயரைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். நடுவில் ஒரு ரிலே. முக்கியமாக, ஒரு ஃப்யூஸ்.

சாயந்திரத்துக்குள் முடிந்துவிடும். கையில் இரண்டு சிராய்ப்பு, மூன்று வளையங்கள் மிச்சம். ஸ்விட்சைத் தட்டுகிறார். சுடுகிறது!

ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1689-ல் வெளியான புத்தகத்தில், ஒரு பொருள் எப்படி 'என்னுடையது' ஆகிறது என்று யோசித்தார். பொதுவாகக் கிடக்கும் ஒன்றில் ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையது ஆகிறது என்றார். அவர் நிலத்தையும் பழத்தையும் மனதில் வைத்துச் சொன்னது. டிரக் ஏற்கெனவே தச்சருடையதுதான். ஆனாலும், சனிக்கிழமைக்கு முன்னால் இருந்ததைவிட ஞாயிற்றுக்கிழமை அது இன்னும் கொஞ்சம் அவருடையதாகிவிட்டது என்று உங்களுக்கும் தோன்றுகிறதுதானே?

இங்கே நிறுத்தினால், 'தன் கையே தனக்குதவி' என்று முடித்துக் கைதட்டு வாங்கிவிடலாம். ஆனால், அந்த ஃப்யூஸை மறுபடி பாருங்கள்.

ஃப்யூஸ் போடாமலும் ஹீட்டர் சுடும். என்றாவது ஒருநாள் வயர் சீட்டின் இரும்பில் உரசித் தோல் உரிந்து ஷார்ட் ஆனால், ஃப்யூஸ் இருந்தால் அது உருகி மின்சாரத்தை நிறுத்தும். இல்லாவிட்டால் வயர் எரியும், பஞ்சு எரியும், வண்டி எரியும். அப்போது யார் மேல் கேஸ் போடுவது? பொருத்தியவர் தச்சர்.

இன்னொன்று. சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கும், தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கும் சூடு உறைக்காது. தோல் வெந்துகொண்டிருக்கும், அவர்களுக்குத் தெரியாது. ஹீட்டர் சீட்டால் இப்படி ஆழமான தீக்காயம் பட்டவர்கள் உண்டு. சூட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கச் சொல்லி, 2011-ல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் பாதுகாப்பு ஆர்வலர்களும் தீக்காய மருத்துவர்களும் கேட்டுக்கொண்டார்கள். தச்சரின் பக்கத்து சீட்டில் நாளைக்கு அவருடைய வயதான அப்பா உட்காரலாம். 'அப்பா, கால்ல உணர்ச்சி இருக்கா?' என்று கேட்க வேண்டியது யார்? அந்தச் சூட்டுக்குச் சொந்தக்காரர்.

நாம் 'இது என்னுடையது' என்று சொல்லும்போது பெரும்பாலும் உரிமையைச் சொல்கிறோம். நான் அனுபவிக்கலாம், விற்கலாம், யாரும் கேட்கக்கூடாது. பாதிதான் சரி. மறுபாதி, அது யாரையாவது சுட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது. சந்தா கட்டுகிறவருக்கு இந்த மறுபாதி பெரிதாகக் கிடையாது. அவர் கஸ்டமர் கேருக்கு போன் செய்தால் போதும். உண்மையைச் சொல்லுங்கள், அது ஒரு நிம்மதிதானே? மாதாமாதம் காசு கட்டிப் பலரும் வாங்குவது அந்த நிம்மதியைத்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

'எல்லாருக்கும் ஸ்பேனர் பிடிக்க வருமா சார்?' என்று கேட்கலாம். வர வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். திறக்கலாமா, யாரை வைத்துத் திறக்கலாம் என்று முடிவு செய்கிற இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதே விஷயம். மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் இதற்காகவே 2012-ல் ஓட்டுப் போட்டார்கள். கார் ரிப்பேருக்கான தகவல்களைக் கம்பெனிகள் வெளி மெக்கானிக்குகளுக்கும் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் மிகப் பெரிய பெரும்பான்மையில் ஜெயித்தது.

உங்கள் வீட்டில் இருக்கும் பொருட்களை இன்றைக்கு ஒரு சுற்று பாருங்கள். எதைத் திறக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது? எது சுட்டால் நீங்கள் பதில் சொல்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் வருகிற பொருள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். உங்களுக்குச் சொந்தமானவை அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி. தச்சர் ஏறி உட்காருகிறார். ஸ்விட்சைத் தட்டுகிறார். சூடு ஏறுகிறது. கிளம்புவதற்கு முன்னால் பக்கத்து சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒரு நிமிஷம் அப்படியே இருக்கிறார். அதிகமாகச் சுடுகிறதா என்று பார்க்கிறார்.

இன்றைக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.